சித்திரைத் தட்டின் சரித்திரம்

சித்திரை வருடப்பிறப்புக்கு எங்கள் யாழ்ப்பாண வீட்டுக்கு வருகிறவர்களை வெறும் வாயோடு அனுப்பமாட்டோம். மருத்துநீர் வைத்து முழுகி, கைவிசேஷம் வாங்கியதும் பலகாரத் தட்டு வந்துவிடும்.

பயற்றம் பணியாரம் முதலில்: வறுத்த பயற்றம்மா, தேங்காய்ப்பூ, சர்க்கரைப் பாகு. பக்கத்தில் கொக்கிஸ். 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தர் விட்டுச்சென்ற பலகாரம் என்பார்கள். அச்சை எண்ணெயில் சூடாக்கி, அரிசிமாவும் தேங்காய்ப்பாலும் கரைத்த மாவில் முக்கால்வாசி தோய்த்து, மறுபடி எண்ணெயில் பிடித்து உதறவேண்டும். அச்சு முழுக்க மூழ்கினால் கொக்கிஸ் கழலாது.

தட்டை வடையின் உறைப்பும் வெளியார் தந்ததுதான். அமெரிக்க மண்ணின் மிளகாயை இந்தப் பக்கம் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கேயர்.

ஒல்லாந்தர் ஆட்சி 1796இல் முடிந்தது. ஆனால் கொக்கிஸ் இல்லாத தட்டை எங்கள் அம்மம்மா வருடப்பிறப்புத் தட்டென்று ஒத்துக்கொள்ளவே மாட்டா.