வாங்கிய குதிரையும் வளர்த்த குதிரையும்: ஓசூர்ப் படைக்குதிரை நிலையத்தின் வரலாறு



1. பயற்றில் நிற்கும் குதிரை

ஜார்ஜ் டவுன் தெருக்களில் 'காச்சாங் பூத்தே' விற்கும் தமிழரிடம் நாம் வாங்கும் பொட்டலத்தில் அவித்த கொண்டைக்கடலை இருக்கும். மலாய்மொழியில் அதற்குக் 'காச்சாங் குடா' என்று பெயர். 'காச்சாங்' என்றால் பயறு, 'குடா' என்றால் குதிரை. குதிரைப் பயறு என்பது அதன் பொருள். தமிழ்நாட்டில் விளையும் கொள்ளுக்கு ஆங்கிலேயர் 'ஹார்ஸ் கிராம்' என்று பெயரிட்டனர். அதற்கும் குதிரைப் பயறு என்றே பொருள். வட இந்தியாவில் குதிரைக்குக் கடலையும், தெற்கே கொள்ளும் தீவனமாயின. ஆகவே இரண்டு பயறுகள் இரண்டு மொழிகளில் ஒரே பெயரைப் பெற்றன. குதிரை நம் தெருக்களை விட்டுப் போய்விட்டது. அது தின்ற தீவனத்தின் பெயரில் மட்டும் இன்னும் நிற்கிறது.

என் பாட்டனார் இந்நகரில் குதிரைவண்டி ஓட்டியவர். நான் பிறக்கும் முன்பே அவர் தொழில் மறைந்துவிட்டது. ஆயினும் பேரப்பிள்ளைகள் கூச்சலிட்டு ஓடும்போது, "லகான் இல்லாத பிள்ளைகள்" என்று அவர் கடிந்துகொள்வது என் செவியில் இன்றும் ஒலிக்கிறது. லகானைக் கண்ணால் கண்டிராத எங்களுக்கு அச்சொல் மட்டும் வந்து சேர்ந்தது. அச்சொல்லின் வழியைத் தேடிச் சென்றபோது ஓசூரை அடைந்தேன். படைக்குதிரைகளை வளர்த்துப் பயிற்றுவதற்காக அங்கு அமைந்த நிலையத்தின் வரலாறே இன்றைய உரையின் பொருள்.

2. கடல்வழி வந்த செல்வம்

சங்க இலக்கியத்தில் குதிரைக்குப் பெயர் பல: பரி, புரவி, மா, இவுளி முதலியன. இவற்றுள் 'இவுளி' என்பதற்குப் பலூசிஸ்தானத்தில் வழங்கும் திராவிட மொழியாகிய பிராகுயியில் 'ஹுல்லி' என்னும் இனச்சொல் உண்டு. பெயர்கள் இத்துணை இருந்தும், குதிரையினம் செழித்து வளரத் தமிழ்நிலம் ஏற்ற இடமாக அமையவில்லை. காவிரிப்பூம்பட்டினத்தில் குதிரைகள் கடல்வழி வந்திறங்கிய செய்தியைப் பட்டினப்பாலை கூறுகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'குதிரைச் செட்டிகள்' இடம்பெறுகின்றனர். குதிரை வாங்கப் பொன்னோடு சென்ற வாதவூரர் திருப்பெருந்துறையில் ஆட்கொள்ளப்பட்ட திருவிளையாடல் நாம் அனைவரும் அறிந்தது. பாண்டிய அரசின் கருவூலத்தில் குதிரைச் செலவு எத்துணைப் பெரிதாக இருந்தது என்பதற்கு அக்கதையே சான்று.

பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ இதனை வியப்போடு எழுதினார். அரசர் ஆண்டுக்கு 2,000 குதிரைகளுக்குமேல் வாங்குகிறார், அவருடைய உடன்பிறந்தோரும் அவ்வாறே வாங்குகின்றனர், ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சுவதில்லை என்பது அவர் தரும் செய்தி. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் இக்கரைக்கு ஆண்டுதோறும் வந்த குதிரைகளைப் பத்தாயிரம் என்று கணக்கிடுகிறார். பயணியரின் எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். ஆனால் மார்க்கோ போலோ கூறும் காரணம் கருதத்தக்கது. குதிரையைப் பேணும் முறை இங்குள்ளோர்க்குத் தெரியவில்லை. குதிரை மருத்துவம் அறிந்தவர்களை வணிகர்கள் அழைத்து வருவதில்லை, பிறர் அழைத்து வரவும் விடுவதில்லை. குதிரைகள் மடிந்தால்தான் மறு ஆண்டும் வணிகம் நடக்கும் என்பது அவர்களின் கணக்கு.

விலங்கை விற்றவர்கள் அதனைப் பேணும் அறிவை விற்கவில்லை. வாங்கியவர்களும் அதனைக் கேட்டுப் பெறவில்லை. இதனை மனத்திற்கொண்டு ஓசூருக்குச் செல்வோம்.

3. 1824: ஓசூரில் ஒரு நிலையம்

ஓசூர் என்பது 'ஹொஸ ஊரு' என்னும் கன்னடத் தொடரின் தமிழ் வடிவம். புதிய ஊர் என்பது பொருள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் கலந்து வழங்கும் எல்லைப் பகுதி அது. 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் அது கிழக்கிந்தியக் கும்பினியின் ஆட்சிக்கு உட்பட்டது. 1824இல் ஓசூரை அடுத்த மத்திகிரியில் படைக்குதிரை நிலையம் நிறுவப்பெற்றது. அதன் பரப்பு ஏறத்தாழ 1,641 ஏக்கர். அதே ஆண்டில்தான் மலாயாத் தீவக்குறையின் எதிர்காலத்தை வரையறுத்த ஆங்கிலேய-டச்சு உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. பின்னர்ப் பினாங்கிலும் மலாக்காவிலும் காவல் பூண்ட சிப்பாய்கள் சென்னைப் படையைச் சேர்ந்தோர். அப்படையின் குதிரைகளுக்காக ஏற்பட்டதே ஓசூர் நிலையம்.

அவ்விடத்தைத் தேர்ந்ததற்குக் காரணங்கள் வெளிப்படை. ஓசூர் கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் உள்ளது. வெப்பம் குறைவு. மேய்ச்சல் நிலம் பரந்து கிடந்தது. பெருந்தொகையான படை தங்கியிருந்த பெங்களூர்ப் பாளையம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் இருந்தது. அந்நாளில் சென்னை ஆளுநராக இருந்த தாமஸ் மன்றோவும் இப்பகுதிக்குப் புதியவர் அல்லர். 1792 முதல் 1799 வரை அருகிலுள்ள பாராமகாலில் பணியாற்றியவர் அவர்.

இத்தகைய நிலையத்திற்கு ஆங்கிலத்தில் 'ரிமவுண்ட் டிப்போ' என்று பெயர். ஏறிய குதிரை போரிலோ நோயிலோ வீழ்ந்தால் வீரன் மீண்டும் ஏறுவதற்குரிய மாற்றுக்குதிரையே ரிமவுண்ட். இந்தியப் படைகளில் இரண்டு முறைகள் வழங்கின. ஒன்று, வீரன் தன் குதிரையைத் தானே கொண்டுவந்து பேணும் 'சில்லாதார்' முறை. மற்றொன்று, குதிரையை அரசே வழங்கும் முறை. சென்னைக் குதிரைப்படை இரண்டாம் முறையைப் பின்பற்றியது. எட்டுப் படைப்பிரிவுகளுக்கும் மாற்றுக்குதிரை அளிக்கும் பொறுப்பு அரசைச் சார்ந்தது. அரசே நிலம் ஒதுக்கி நிலையம் நடத்தியதற்கு இதுவே அடிப்படை.

இத்தகைய நிலையங்களில் பணி எவ்வாறு நடந்தது? புதிதாக வந்த குதிரை முதலில் பிறவற்றினின்று பிரித்து வைக்கப்படும். தொற்றுநோய் இல்லை என்று தெரிந்த பின்னரே மந்தையோடு சேரும். அடுத்துத் தலைக்கயிறு பழகும். நீண்ட கயிற்றில் வட்டமாக ஓடும். வெறும் சேணத்தைச் சுமக்கும். பிறகே மனிதனைச் சுமக்கும். முரசொலியும் துப்பாக்கி வெடியும் கேட்டு மிரளாதிருக்கப் பழகும். மாதக்கணக்கில் நீளும் இப்பயிற்சியில் அவசரத்திற்கு இடமில்லை. ஒருமுறை அஞ்சிய குதிரை அவ்வச்சத்தை எளிதில் மறப்பதில்லை. குதிரை வாங்க ஒருநாள் போதும். அதனைப் படைக்கு உரியதாக்க ஓராண்டும் வேண்டியிருக்கும்.

4. மீண்டும் கடல்வழியே

வங்காளத்திலும் கும்பினி இதே முயற்சியில் ஈடுபட்டிருந்தது. பீகாரில் உள்ள பூசாவில் குதிரை இனப்பெருக்கப் பண்ணை நடத்தியது. வில்லியம் மூர்க்ராஃப்ட் என்னும் கால்நடை மருத்துவர் 1808இல் அதன் பொறுப்பேற்றார். நல்ல பொலிகுதிரைகளைத் தேடி இமயத்தைக் கடந்து புகாரா வரை சென்ற அவர், 1825இல் திரும்பும் வழியில் உயிர் நீத்தார். உள்நாட்டில் நல்லினக் குதிரையைப் பெருக்குவது எத்துணை அரிதாயிருந்தது என்பதை இது காட்டும்.

ஆகவே ஆங்கிலேயரும் கடலை நோக்கித் திரும்பினர். 1830களிலிருந்து ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பகுதியிலிருந்து சென்னைக்குக் குதிரைகள் வரத் தொடங்கின. வேல்ஸ் என்னும் அவ்விடப் பெயரால் அவை 'வேலர்' எனப்பட்டன. அக்காலத்துச் சென்னைக்குத் துறைமுகம் இல்லை. கப்பல் தொலைவில் நிற்கும். பேரலைகளைக் கடந்து குதிரைகளைக் கரை சேர்க்க வேண்டும். ஆஸ்திரேலியக் குதிரைகள் சென்னையில் இறங்கும் காட்சியை 1834ஆம் ஆண்டின் ஓர் ஓவியம் காட்டுகிறது. அதில் மசூலாப் படகும் கட்டுமரங்களும் உள்ளன. 'கட்டுமரம்' என்னும் தமிழ்ச்சொல் 'கேட்டமரன்' என ஆங்கிலத்தில் ஏறியதும் இத்தகைய கரைகளில்தான். அக்குதிரைகளைக் கரையேற்றிய கைகள் மீனவத் தமிழரின் கைகள்.

பாண்டியர் அரபுக் கடலை நோக்கியிருந்தனர், ஆங்கிலேயர் தென்கடலை நோக்கியிருந்தனர். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. இம்முறை குதிரையோடு அதனைப் பேணும் அறிவையும் திரட்டினர். படைக்குதிரைகள் மடிந்ததால் நோய் ஆராய்ச்சி வளர்ந்தது. 'சுர்ரா' என்னும் குதிரை நோய்க்குக் காரணமான நுண்ணுயிரை 1880இல் கிரிபித் எவன்ஸ் வடமேற்கு இந்தியாவில் கண்டறிந்தார். 1903இல் சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கிற்று.

முதல் உலகப்போரில் ஆஸ்திரேலியாவிலிருந்து கடல் கடந்து சென்ற குதிரைகள் 1,30,000க்கு மேற்பட்டவை. தாயகம் திரும்பியது 'சாண்டி' என்னும் ஒரே குதிரை. அதன்பின் இயந்திர ஊர்திகள் குதிரையின் இடத்தைப் பிடித்தன. ஓசூர் நிலையமும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் படைத்துறையை விட்டு நீங்கிக் கால்நடைப் பண்ணையாயிற்று. இன்று தமிழ்நாட்டரசின் பண்ணையாக அது விளங்குகிறது. படைக்குதிரைப் பணி வட இந்தியாவில் சகாரன்பூர், ஹேம்பூர் முதலிய இடங்களில் தொடர்கிறது. குதிரைமீது அமர்ந்து இயங்கும் 61ஆம் குதிரைப்படை செய்ப்பூரில் உள்ளது.

5. லாயத்துச் சொற்கள்

இவ்வரலாற்றில் தளபதியர் பெயர்கள் உள்ளன, மருத்துவர் பெயர்கள் உள்ளன. விடியுமுன் எழுந்து லாயத்தைத் துப்புரவு செய்தவர், புல் அறுத்துச் சுமந்தவர், கொள்ளு வேகவைத்தவர், லாடம் அடித்தவர் ஆகியோர் பெயர்கள் இல்லை. அவர்களுக்கு எஞ்சியிருக்கும் ஆவணம் சொல்லே.

குதிரை பேணுவோரை வட இந்தியாவில் 'சயிஸ்' என்றனர். அது அரபுச்சொல். சென்னை மாகாணத்து ஆங்கிலேயர் மட்டும் 'ஹார்ஸ் கீப்பர்' என்றனர். 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி அதனைச் சென்னைக்கும் இலங்கைக்கும் உரிய வழக்காகவே பதிவுசெய்கிறது. 'குதிரைக்காரன்' என்னும் தமிழ்ச்சொல்லோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பினாங்கிலோ 'சயிஸ்' நிலைத்தது. மலாய்மொழியில் வண்டியோட்டியை இன்றும் 'சாயிஸ்' என்பர். என் பாட்டனார் வீட்டில் குதிரைக்காரர், வீதியில் சாயிஸ்.

லகான், சவாரி, ஜீனி, சிப்பாய் ஆகியவை பாரசீகத்திலிருந்து வந்தவை. குதிரைப்படை வீரரைக் குறித்த 'ராவுத்தர்' என்பது 'ராஜபுத்ர' என்னும் வடசொல்லின் திரிபு. இன்று நம் நகரத்து முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றின் பெயர் அது. இச்சொற்களைத் தமிழர் வாங்கினர். ஆனால் வாங்கியதோடு விட்டுவிடவில்லை. பிள்ளைகளை அடக்கவும் அதே லகான்தான். கெண்டைக்கால் தசையைக் 'குதிரைச்சதை' என்றனர். சிறுதானியம் ஒன்று 'குதிரைவாலி' ஆயிற்று. இல்லாத பொருள் 'குதிரைக்கொம்பு' ஆயிற்று. "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்னும் பழமொழியில் குதிரைத் தீவனமே மருந்தாயிற்று. அரண்மனை குதிரைகளை வாங்கி இழந்தது. வீட்டிலும் வயலிலும் வாழ்ந்த மக்கள் குதிரைச் சொற்களை வளர்த்துக் காத்தனர்.

6. நிறைவாக

ஓசூர் நமக்குக் கற்பிப்பது இதுதான்: பொருளை விலைக்குப் பெறலாம், திறனை வளர்த்தே பெற வேண்டும். மொழிக்கும் இது பொருந்தும். பாடநூலையும் அகராதியையும் கடல் கடந்து வரவழைக்கலாம். பழகும் வாயும் பயிற்றும் பொறுமையும் இங்கேயே உருவாக வேண்டும்.

ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் மாணவர் ஒவ்வொருவரும் தம் வீட்டு முதியோரிடம் அவர் செய்த தொழிலின் சொற்கள் பத்தைக் கேட்டு எழுதி வரட்டும். துறைமுகம், தோட்டம், அச்சகம், சலவை என எத்தொழிலாயினும் ஆகுக. சொல்லோடு சொன்னவர் பெயரையும் எழுதச் சொல்லுங்கள். ஓசூர் லாயத்தில் உழைத்தவர்களுக்கு அவ்வாறு எழுதி வைக்க ஒருவர் இல்லாமற் போயினர். நம் பாட்டன்மாருக்கும் பாட்டிமாருக்கும் அந்நிலை நேராதிருக்கட்டும்.