மின்சாரம் பிறந்த மலையும் மங்கிய குரலும்

வீட்டில் இசை கேட்பதற்கு உயர்ந்த வானொலிப் பெட்டி ஒன்று இருந்தால் போதும் என்று நாம் எண்ணுவதுண்டு. பெட்டி எத்தனை உயர்ந்ததாயினும், அதனுள் பாயும் மின்சாரம் சீராக இராவிடில் அதிலிருந்து வெளிவரும் குரலும் சீராக இராது. கேரளத்தின் கிழக்கெல்லையில் வாழும் தமிழ் மக்கள் இவ்வுண்மையை அன்றாட வாழ்க்கையிலேயே கற்றறிந்தனர். பாலக்காட்டு மாவட்டத்தின் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் முதலிய ஊர்களிலும், இடுக்கி மாவட்டத்தின் மூணாறு, தேவிகுளம், பீருமேடு ஆகிய மலைப் பகுதிகளிலும் தமிழ் வழங்கும் வீடுகள் பல. அவ்வீடுகளுக்குத் தமிழோசையைக் கொண்டு சேர்த்தது வானொலி. அவ்வோசை தளராமல் காத்தது சிறியதோர் இரும்புப் பெட்டி. தமிழகத்துக்கு வெளியே வாழும் நமக்கு இவ்வரலாறு அயலாருடையது அன்று.

முதலில் மின்சாரம் அம்மலைகளில் பிறந்த கதையைக் காண்போம். மூணாற்றில் தேயிலைத் தோட்டங்களை நடத்திய கண்ணன் தேவன் கம்பெனியார், இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே தங்கள் தேவைக்காக நீர்மின்சாரம் எடுத்தனர். பின்னர்த் திருவிதாங்கூர் சமஸ்தான அரசாங்கம் முதிரப்புழை ஆற்றின் நீரைக் கொண்டு பள்ளிவாசல் மின்நிலையத்தை அமைத்தது. 1940ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அந்நிலையம் இயங்கத் தொடங்கிற்று. இன்றைய கேரளத்தின் முதல் பெரிய நீர்மின் திட்டம் இதுவே. படிப்படியாக வளர்ந்து அதன் திறன் 37.5 மெகாவாட் ஆயிற்று. அங்கிருந்து கம்பிகள் மலையிறங்கிச் சமவெளிக்குச் சென்றன. ஆலுவாய்க்கு அருகில் 1943இல் தொடங்கிய அலுமினியத் தொழிற்சாலை அம்மின்சாரத்தைக் கொண்டே உலோகத்தைப் பிரித்தெடுத்தது. 1954இல் செங்குளம் நிலையமும், 1976இல், பின்னாளில் 780 மெகாவாட் திறன் பெற்ற இடுக்கி நிலையமும் தோன்றின.

இத்தனை மின்சாரம் பிறக்கும் மலையில் விளக்குகள் மங்கலாக எரிவானேன்? இவ்வினா இயல்பாக எழும். மின்நிலையத்துக்கு அருகில் இருப்பதனால் ஒரு வீட்டுக்கு வலிமையான மின்சாரம் கிடைத்துவிடாது. மின்நிலையத்திலிருந்து உயர்ந்த அழுத்தத்தில் செல்லும் மின்சாரம், ஊருக்கு அருகிலுள்ள டிரான்ஸ்பார்மரில் இறக்கப்பட்ட பின்னரே வீடுகளுக்கு வருகிறது. டிரான்ஸ்பார்மரிலிருந்து வீடு வரை செல்லும் கம்பி நீளமானால், வழியிலேயே அழுத்தம் குறைந்துவிடும். ஓர் எளிய கணக்கால் இதனை விளக்கலாம். போய்வரும் கம்பிகள் இரண்டிற்கும் சேர்த்துத் தடை ஓர் ஓம் என்று கொள்வோம். அதன் வழியே 20 ஆம்பியர் ஓடினால் 20 வோல்ட்டு கம்பியிலேயே செலவாகிவிடும். 230 வோல்ட்டாகப் புறப்பட்டது 210 வோல்ட்டாகவே வீட்டை அடையும். கேரளத்தில் வீடுகள் ஒரே தெருவில் நெருங்கி நில்லாமல் தனித்தனித் தோப்புகளில் சிதறி நிற்பவை. தேயிலைத் தோட்டங்களிலோ ஒரு லயத்துக்கும் மற்றொன்றுக்கும் இடையே குன்றும் பள்ளமும் கிடக்கும். ஆகவே கம்பி நீண்டது, அழுத்தம் தளர்ந்தது. மாலையில் எல்லா வீடுகளிலும் விளக்கேற்றும் வேளையில் தளர்ச்சி மிகுந்தது. நள்ளிரவில் விளக்குகள் அணைந்ததும் அழுத்தம் மீண்டும் ஏறிற்று.

மாலை வேளைதான் வானொலி கேட்கும் வேளையும் ஆகும். அக்காலத்துப் பெட்டிகள் வால்வுகளால் இயங்கின. வால்வினுள் இருக்கும் இழை தக்க அளவு சூடேறினால்தான் அது வேலை செய்யும். அழுத்தம் குறைந்தால் இழை குளிர்கிறது, ஒலி தேய்கிறது. மற்றொரு விளைவும் உண்டு. நிலையத்தின் அலையோடு கலப்பதற்காகப் பெட்டி தன்னுள்ளேயே ஓர் அலையை எழுப்புகிறது. மின்சாரம் தளர்ந்தால் அவ்வலை எழாமல் நின்றுவிடும்; அதிலும் சிற்றலை வரிசையிலேயே அது முதலில் நிற்கும். மத்திய அலையில் திருச்சி நிலையம் மெலிந்த குரலிலாவது கேட்டுக்கொண்டிருக்க, சிற்றலையில் வந்த இலங்கை வானொலி அடியோடு மறைந்துபோவதன் காரணம் இதுவே. வானிலையைக் குறைகூறியவர் பலர். குற்றம் சுவரிலிருந்த பிளக்கில் இருந்தது.

அம்மலை மக்களுக்கு இவ்விழப்பு சிறிதன்று. சென்னை வானொலி நிலையம் 1938இலும், திருச்சி நிலையம் 1939இலும் தொடங்கப்பட்டன. 1956 நவம்பர் முதல் தேதி மாநிலங்கள் மொழிவழியே திருத்தி அமைக்கப்பட்டபோது, நெடுங்காலக் கிளர்ச்சிக்குப் பின்னரும் தேவிகுளமும் பீருமேடும் கேரளத்திலேயே அமைந்தன. அதுவரை சென்னை மாநிலத்தைச் சேர்ந்த மலபார் ஜில்லாவின் பகுதியாக இருந்த பாலக்காடும், முன்பு கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்த சித்தூரும் கேரளத்தில் இணைந்தன. அரசாங்க அலுவலின் மொழி மாறிற்று. தமிழ்ச் செய்தியும், தமிழிசையும், தமிழ் நாடகமும் எல்லை கடந்து நாள்தோறும் வீட்டுக்கு வருவதற்கு வானொலியே எளிய வழியாயிற்று. 1966இல் கோயம்புத்தூர் நிலையம் தோன்றியபோது பாலக்காட்டு எல்லை மக்களுக்குத் தமிழ்க் குரல் இன்னும் அணித்தாயிற்று.

மின்சாரத் தளர்ச்சிக்கு மக்கள் கண்ட பரிகாரங்களை முறையே நோக்குவோம். மின்சாரம் எட்டாத வீடுகளில் பாட்டரிப் பெட்டிகள் இருந்தன. அவற்றில் மின்னழுத்த ஏற்றத்தாழ்வு இல்லை, ஆயினும் பாட்டரியின் விலை ஏழைத் தொழிலாளிக்குச் சுமையாயிற்று. மின்சாரப் பெட்டிகள் பலவற்றின் பின்புறத்தில் 110, 200, 220, 250 என எண்கள் பொறித்த ஒரு தகடு இருக்கும். வீட்டு மின்னழுத்தத்துக்கு ஏற்ப அதனைப் பொருத்த வேண்டும். மாலையில் ஒலி மங்குகிறதென்று அதனைத் தாழ்ந்த எண்ணில் வைத்தவர், நள்ளிரவில் அழுத்தம் ஏறியதும் பெட்டியை இழக்க நேர்ந்தது. இழையிலும் தடைகளிலும் உண்டாகும் சூடு அழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்து ஏறும். அழுத்தம் பத்துப் பங்கில் ஒரு பங்கு மிகுந்தால் சூடு நூற்றுக்கு இருபத்தொரு பங்கு மிகும். நிலையான தகடு மாறும் மின்சாரத்துக்கு மருந்தாகாது என்பது இதனால் விளங்கும்.

அடுத்து வந்தது கையால் திருகும் பெட்டி. ஓர் இரும்புக் கருவில் சுற்றிய கம்பிச் சுருளிலிருந்து பல கிளைகளை வெளியே எடுத்து, ஒரு திருகின் மூலம் வேண்டிய கிளையைத் தேர்ந்துகொள்ளும் அமைப்பு அது. முகப்பில் வோல்ட்டு காட்டும் முள் உண்டு. முள் சாயும்போதெல்லாம் ஒருவர் எழுந்து திருக வேண்டும். இவ்வேலையை மனிதன் செய்யாமல் கருவியே செய்யும்படி அமைத்ததுதான் ஸ்டெபிலைசர். அழுத்தத்தை அளந்தறியும் ஒரு சிறு மின்சுற்று, ரிலே என்னும் காந்த ஸ்விட்சை இயக்கிக் கிளையை மாற்றுகிறது. அப்போது எழும் ‘டக்’ என்னும் ஓசை நம்மில் பலர் வீட்டில் கேட்டுப் பழகியதே.

உலகின் பிற பகுதிகளிலும் இம்முயற்சி நடந்தது. அமெரிக்கப் பொறியாளர் ஜோசப் சோலா 1938இல் வேறொரு வழியைக் கண்டார். இரும்புக் கரு காந்தத்தால் முற்றும் நிறைந்தபின், உள்ளே செல்லும் அழுத்தம் ஏறினும் இறங்கினும் வெளிவருவது பெரிதும் மாறாது என்னும் இயல்பை அவர் பயன்படுத்தினார். அசையும் உறுப்பு ஒன்றுமில்லாத அக்கருவி உறுதியானது. எனினும் கனம் மிகுந்தது, சூடேறுவது, இரைவது. இசை கேட்கும் அறைக்குள் இரைச்சல் தரும் கருவி ஏற்றதாகாது.

நம் எல்லைப் பகுதியின் வீடுகளுக்கு ஏற்ற விலையில் ஸ்டெபிலைசர் கிடைக்கச் செய்தவை தென்னாட்டுச் சிறு தொழிற்கூடங்களே. கொச்சியில் கொச்சௌசேப் சிற்றிலப்பிள்ளி என்பவர் தம் தந்தையாரிடம் பெற்ற ஒரு லட்சம் ரூபாயை முதலாகக் கொண்டு 1977இல் வி-கார்டு என்னும் பெயரில் ஸ்டெபிலைசர் செய்யத் தொடங்கினார். தொடக்கத்தில் அது மிகச் சிறிய கூடமே. நாளடைவில் நாடறிந்த நிறுவனமாயிற்று. மின்சாரம் சீராகக் கிடைத்த நாட்டில் இத்தொழில் இவ்வளவு வளர்ந்திராது. மக்களின் குறையே ஒரு தொழிலுக்கு விதையாயிற்று எனலாம்.

அழுத்தத்தைச் சீராக்கிவிட்டால் எல்லாம் சீராகிவிடுமா? இல்லை. மின்சாரத்துக்கு மற்றொரு பண்பும் உண்டு. அது நொடிக்கு 50 முறை அலைந்து வரவேண்டும். இசைத்தட்டைச் சுழற்றும் ஏ.சி. மோட்டாரின் வேகம் இவ்வலைவைப் பொறுத்தது. 1990களில் தேவைக்கேற்ற உற்பத்தி இன்றித் தென்னகத்து மின்தொகுப்பில் அலைவு 48.5க்கும் கீழே இறங்குவது வழக்கமாயிருந்தது. அந்நிலையில் இசைத்தட்டு நூற்றுக்கு மூன்று பங்கு மெதுவாகச் சுழலும். பாடகரின் சுருதி ஏறத்தாழ ஒரு சுரத்தானத்தின் பாதியளவு தாழும். காது பழகிய ரசிகர் அதனை உடனே உணர்வார். ஸ்டெபிலைசர் இக்குறையைப் போக்காது. மின்தொகுப்பையே திருத்தியாக வேண்டும். அலைவைக் காப்போருக்கு ஊதியமும், கெடுப்போருக்குக் கூடுதல் கட்டணமும் விதிக்கும் முறை 2003 ஜனவரியில் தென்னகத்தில் நடைமுறைக்கு வந்தபின் நிலை பெரிதும் திருந்திற்று. 2013 டிசம்பர் 31 அன்று தென்னகத்துத் தொகுப்பு நாட்டின் ஏனைய தொகுப்போடு ஒத்தியங்கும்படி இணைக்கப்பட்டது.

இன்று நிலை மாறியிருக்கிறது. புதிய இசைக் கருவிகள் பலவற்றின் மின்வழங்கி 100 முதல் 240 வோல்ட்டு வரை எதனையும் ஏற்று, உள்ளே தானே சீராக்கிக்கொள்கிறது. இத்தகைய கருவிக்கு ஸ்டெபிலைசர் பெரும்பாலும் வேண்டியதில்லை. கருவியின் பின்புறத்தில் எழுதியிருப்பதைப் படித்தாலே இது தெரியும். ஆனால் பழைய வால்வு வானொலியையும், கனத்த டிரான்ஸ்பார்மர் கொண்ட ஆம்பிளிபையரையும் பேணி வைத்திருப்போர், தகட்டின் எண்ணை ஊரின் மின்னழுத்தத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே அவற்றை இயக்க வேண்டும்.

இடிமின்னல் வேறு வகையானது. மேற்குத்தொடர்ச்சி மலையில் சித்திரை, ஐப்பசி மாதங்களில் அது கடுமையாக இருக்கும். ஸ்டெபிலைசர் இடியைத் தடுக்காது. நல்ல நிலத்தொடர்பும், அதிமின்னழுத்தத்தைத் தரைக்குத் திருப்பும் காப்புக் கருவியும் ஓரளவு உதவும். இடி கேட்குமுன் பிளக்கைக் கழற்றி வைப்பதே சிறந்த காப்பு. மலிவான விளக்குகளும் சார்ஜர்களும் மின்கம்பியில் கலக்கும் இரைச்சலோ, மத்திய அலையில் வரும் தொலைநிலையக் குரலை இன்று மறைக்கிறது. அவற்றை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் குற்றவாளி அகப்படும்.

மின்நிலையங்களின் வரலாற்றை எழுதுவோர் அணையின் உயரத்தையும் மெகாவாட்டையும் குறிப்பர். அம்மின்சாரம் கம்பியின் கடைக்கோடியிலுள்ள வீட்டை எந்நிலையில் அடைந்தது என்பதும் வரலாறே. பள்ளிவாசலின் நீர் ஆலுவாயில் உலோகத்தை உருக்கிய அதே மாலையில், மலைமேல் ஒரு வீட்டார் தமிழ்ச் செய்தி தேயாமல் கேட்கத் திருகைத் திருப்பிக்கொண்டிருந்தனர். உற்பத்தியின் பெருமை, கடைசி வீட்டின் சீர்மையாலேயே நிறைவு பெறுகிறது.