வேம்பூர் ஆட்டுக்கு எந்தப் பிரிவு?

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து மக்களிடம் பிடித்த விலங்கின் படத்தை அனுப்பச் சொல்லி ஒரு போட்டி வைத்தால் என்னென்ன வந்து சேரும் என்று ஊகிப்பது கடினமில்லை. கிடையில் நிற்கும் வேம்பூர் ஆடு, மஞ்சுவிரட்டுக் காளை, கன்னி நாய், மானாவாரிக் காட்டில் தோகையை இழுத்துக்கொண்டு போகும் மயில், கண்மாய் பெருகிய ஆண்டென்றால் கொக்கும் நாரையும். படங்கள் வந்து குவிந்ததும் நடத்துகிறவர்களுக்கு முதலில் தோன்றுவது அவற்றை இரண்டாகப் பிரிப்பதுதான்: காட்டுயிர் ஒரு பக்கம், வளர்ப்பு விலங்கு இன்னொரு பக்கம். மதிப்பெல்லாம் முதல் பக்கத்துக்கு. ஆட்டுக்கும் நாய்க்கும் ஆறுதல் பரிசு. உலகம் தோன்றிய நாள்முதல் இருந்துவருவதுபோல இந்தப் பிரிவினை நமக்குப் பழகிப்போயிருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு வரலாறு உண்டு, அது கரிசலில் நடந்த வரலாறும் இல்லை. அதைக் கொண்டுவந்து இங்கே பொருத்தினால், இந்த மண்ணில் உயிர்கள் எப்படிச் சேர்ந்து வாழ்கின்றன என்பதே படத்துக்குள் வராமல் போய்விடும் என்பது என் வாதம்.

புகைப்படக் கருவி இந்தப் பக்கம் வந்த புதிதில் விலங்கைப் படமெடுக்கும் திராணி அதற்கு இருக்கவில்லை. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் ட்ரைப் 1858-ல் மதுரையை எடுத்தார். கோபுரம், மண்டபம், அரண்மனை என்று எல்லாம் அசையாதவை. காகித நெகட்டிவில் ஒளி பதிய நெடுநேரம் பிடித்தது. வாலை ஆட்டிக்கொண்டிருக்கும் மாடு அதில் வெறும் புகையாகக் கலைந்துவிடும். வேகமான தகடும் பிலிமும் வந்தபின் கருவியோடு விலங்கைத் தேடிப் போனவர்களில் வேட்டைக்காரர்களும் வன அதிகாரிகளுமே முன்னால் நின்றார்கள். ஐக்கிய மாகாணத்தில் வன அதிகாரியாக இருந்த எஃப். டபிள்யூ. சாம்பியன், புலி வரும் தடத்தில் கம்பியை இழுத்துக் கட்டி, கால் பட்டதும் வெளிச்சம் வெடித்துப் படம் பதியும்படி செய்தார். அந்தப் படங்களோடு அவருடைய புத்தகம் 1927-ல் வந்தது. சாம்பியனுக்குக் கொல்வதில் விருப்பமில்லை, அதில் சந்தேகமும் இல்லை. என்றாலும் துப்பாக்கி போய்க் கேமரா வந்ததே தவிர, தேடிப்போகத் தகுந்த விலங்கு எது என்ற கணக்கு மாறவில்லை. சுவரில் மாட்டத் தகுந்த தலை எதுவோ அதுவே படமெடுக்கவும் தகுந்தது. செம்மறியின் தலையை எந்தத் துரை சுவரில் மாட்டினார்? 1953-ல் ஜி. தாமஸின் முயற்சியில் இந்தியப் புகைப்படக் கூட்டமைப்பு உருவாகிப் போட்டிகள் பெருகின. லண்டனை மையமாகக் கொண்டு 1965-ல் தொடங்கிய காட்டுயிர்ப் புகைப்படப் போட்டி உலகத்துக்கே அளவுகோலாயிற்று. 2014-ல் பன்னாட்டுப் புகைப்பட அமைப்புகள் மூன்று சேர்ந்து, இயற்கைப் படம் என்றால் என்ன என்று ஒரு பொது வரையறை எழுதின. வளர்ப்பு விலங்கு அதில் சேராது என்பதை எழுத்திலேயே வைத்துவிட்டார்கள்.

இதற்கெல்லாம் முன்பே நம்மிடம் விலங்கை விலங்கோடு ஒப்பிட்டு மதிப்பிடும் வழக்கம் இருந்தது. அதன் இடம் சந்தை. மதுரை மாட்டுத்தாவணி இன்று பேருந்து நிலையத்தின் பெயராக மட்டும் நிற்கிறது; அந்தப் பெயரைத் தந்தது அங்கே கூடிய மாட்டுச் சந்தை. அந்த மதிப்பீட்டில் கண்ணுக்குப் பாதி வேலைதான். வாயைப் பிளந்து பல்லை எண்ணுவார்கள், கடை சேர்ந்துவிட்டதா என்று பார்ப்பார்கள், சுழி எங்கே விழுந்திருக்கிறது என்று முதுகையும் நெற்றியையும் தடவுவார்கள், நடக்கவிட்டுக் குளம்பைக் கவனிப்பார்கள். விலை, துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துப் பேசி முடியும். இந்த அறிவைப் படத்துக்குள் கொண்டுவரும் வேலையை அரசாங்கக் கால்நடைத் துறை தொடங்கியது. ஆர். டபிள்யூ. லிட்டில்வுட் தென்னிந்தியக் கால்நடைகளைப் பற்றி 1936-ல் வெளியிட்ட நூல் அந்த வரிசையில் முக்கியமானது. மாட்டைப் பக்கவாட்டில் நிறுத்தி, நான்கு காலும் திமிலும் கொம்பும் தெரியும்படி எடுக்கும் வகைப் படம் அது. அழகுப் போட்டிக்காரர் அதைச் சப்பென்று இருக்கிறது என்பார். ஆனால் கொம்பின் வளைவையும் காதின் நீளத்தையும் இன்று ஒருவர் சரிபார்க்க வேண்டுமென்றால் அப்படிப்பட்ட படத்திடம்தான் போக வேண்டும்.

இனி நிலத்துக்கு வருவோம். விருதுநகர் மாவட்டத்தில் கேமரா வாங்கியவர் கண் மேற்கே போகும். அங்கே ஸ்ரீவில்லிபுத்தூர் மலை இருக்கிறது, சாம்பல் நிற மலை அணிலுக்காக 1988-ல் அறிவித்த சரணாலயம் இருக்கிறது. கிழக்கே அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி, நரிக்குடி என்று குண்டாற்றுப் பக்கம் இறங்கினால் பேருக்குக்கூடக் காடு கிடையாது. வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைத்த கரிசல், கண்மாய், கரையில் பனை, மற்றபடி எங்கு பார்த்தாலும் சீமைக்கருவேல். இங்கே காடு என்றால் விவசாய நிலம் என்று பொருள். காட்டுக்குப் போகிறேன் என்பவர் உழவோ களையெடுப்போ பார்க்கப் போகிறார். அறுவடை முடிந்ததும் அதே நிலத்தில் ஆடு இறங்குகிறது. இரவில் ஆட்டை அங்கேயே அடைத்துக் கிடை போடுகிறார்கள். புழுக்கைக்காக நிலத்துக்காரர் மந்தையை மேய்க்கும் கீதாரிக்குக் கூலி கொடுக்கிறார். கி. ராஜநாராயணன் ஒரு குறுநாவலுக்கே 'கிடை' என்று பேர் வைக்கும் அளவுக்கு இந்த வாழ்வில் அது நடுவில் இருந்தது. இந்தத் தரிசில்தான் பனிக்காலத்தில் வடக்கேயிருந்து பூனைப்பருந்துகள் வருகின்றன. வெட்டுக்கிளியும் ஓணானும் பிடித்துத் தின்று, இரவில் மரமேறாமல் தரையிலேயே அடைகின்றன. தரிசு தரிசாகவே கிடக்க மேய்ச்சல் ஒரு காரணம். ஆடு நின்றுபோன இடத்தைச் சீமைக்கருவேல் அடைத்துக்கொண்டால் பருந்துக்கு இறங்க இடமில்லை. ஆக, ஆட்டை வெட்டிவிட்டுப் பருந்தை மட்டும் படத்தில் வைப்பது பாதி உண்மைதான். இன்னும் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். மேய்கிற ஆட்டின் முதுகில் கரிச்சான் உட்கார்ந்து வருகிறது. ஆட்டின் கால் பட்டுக் கிளம்பும் பூச்சியைத் தாவிப் பிடித்துவிட்டு மறுபடி அதே முதுகுக்குத் திரும்புகிறது. பறவை காட்டுயிர், அது உட்கார்ந்திருக்கும் இடம் வளர்ப்பு விலங்கு. வரையறையின்படி பார்த்தால் இந்தப் படத்துக்குச் சேர இடமே இல்லை.

இந்தக் கோட்டை அழித்துக் காட்டியவர்கள் தமிழில் இல்லாமலில்லை. மா. கிருஷ்ணன் (1912–1996) துண்டு துண்டாகச் சேர்த்துக் கட்டிய கேமராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பேர் வைத்து, கறுப்பு வெள்ளையில் காட்டு யானைகளை எடுத்தவர். பத்மஸ்ரீ பெற்றவர். 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 1950 முதல் சாகும்வரை அவர் எழுதிய பத்தியில் யானைக்கு இருந்த அதே மரியாதை காகத்துக்கும் அணிலுக்கும் இருந்தது. இன்னொரு சான்று திருச்சுழிக்கே உரியது. 1879-ல் அவ்வூரில் பிறந்த ரமணரின் திருவண்ணாமலை ஆசிரமத்தில் 1948-ல் இறந்த லட்சுமி என்ற பசுவுக்குச் சமாதி உண்டு. அருகிலேயே மானுக்கும் காகத்துக்கும் நாய்க்கும் உண்டு. அங்கே யாரும் இரண்டு வரிசை போடவில்லை.

மறுப்புகள் வரும்; சில வலுவானவை. பிரிவை எடுத்துவிட்டால் பழக்கிய விலங்கைக் காட்டுயிர் என்று சொல்லி ஏமாற்றுவார்கள் என்பது ஒன்று. நடந்திருக்கிறது. அதே லண்டன் போட்டியில் 2009-ல் வேலிப் படலைத் தாண்டிப் பாயும் ஓநாயின் படம் முதல் பரிசு பெற்றது; அது பழக்கிய ஓநாயாகவே இருக்க வேண்டும் என்று நடுவர்கள் முடிவுகட்டி, மறு ஆண்டு பரிசைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால் அந்தப் பொய்க்கு விலை ஏற்றியது எது? காட்டு ஓநாய் என்றால்தான் பரிசு என்ற விதி. வளர்த்த விலங்கை வளர்த்தது என்று சொல்லியே பரிசு வாங்கலாம் என்றால் மறைக்க வேண்டிய அவசியம் குறையும். அழிந்துபோகாது, குறையும்.

இரண்டாவது மறுப்பு, வீட்டு விலங்குக்கு என்ன குறை, அழிவின் விளிம்பில் நிற்பது காட்டுயிர்தானே என்பது. கரிசலில் இது முழு உண்மையில்லை. வெளிமானைக் காண இங்கிருந்து தெற்கே வல்லநாட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது என்பது மெய்தான். ஆனால் அருப்புக்கோட்டைக்குத் தெற்கே, தூத்துக்குடி மாவட்டத்து வேம்பூரின் பேரைத் தாங்கிய ஆட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை உடம்பில் செம்பழுப்புத் திட்டுகள் ஒழுங்கில்லாமல் சிதறிக் கிடக்கும், அதனாலேயே ஊரில் பொட்டு ஆடு என்பார்கள். காது தொங்கும், வால் குட்டை, கிடாவுக்குக் கொம்பு உண்டு, பெட்டைக்குக் கிடையாது. இறைச்சி எடைக்காக வேறு இனத்துக் கிடாவை மந்தையில் விட்டால் சில ஈற்றிலேயே இந்த அடையாளம் கலங்கிவிடும், கலங்கியதை யாரும் கவனிக்கவும் மாட்டார்கள். நாய்க்கு இந்தக் கவனம் கொஞ்சம் முன்பே கிடைத்தது. இதே மாவட்டத்து ராஜபாளையம் நாய் 2005 ஜனவரியில் அஞ்சல்தலையில் ஏறியது. பின்னர் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபுவளப் பணியகம் முதன்முதலாக நாயினங்களைப் பதிவு செய்தபோது ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் அந்தப் பட்டியலில் இருந்தன. தியடோர் பாஸ்கரன் 2017-ல் இந்திய நாய்களுக்கென்றே ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். படம் இல்லாமல் இந்த அங்கீகாரங்களை எண்ணிப் பார்க்க முடியாது: ஒடுங்கிய வயிறு, இறங்கிய நெஞ்சு, விலா எலும்பு எண்ணத் தெரியும் உடல் என்று எழுத்தில் சொன்னால் பட்டினி கிடந்த நாய் என்றுதான் வெளியூர்க்காரர் நினைப்பார்.

சிப்பிப்பாறை முயல் வேட்டைக்காக வளர்த்த நாயாயிற்றே, அதன் படத்துக்குப் பரிசு கொடுப்பது வேட்டையைப் போற்றுவதாகாதா என்று கேட்கலாம். நாயின் படமும் நாய் வாயில் முயல் தொங்கும் படமும் ஒன்றல்ல. இரண்டாவதை வாங்கவே கூடாது. 1972-ன் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் அதைப் படமாகப் பார்க்காது, குற்றத்துக்குச் சான்றாகப் பார்க்கும். கூண்டுப் பச்சைக்கிளியின் படத்துக்கும் இதே கதிதான், வீட்டுக்காரர் எவ்வளவு பாசமாக வளர்த்திருந்தாலும். பிரிக்கத்தான் வேண்டுமென்றால் இந்த இடத்தில் பிரிக்கலாம்: படம் எப்படிக் கிடைத்தது? சட்டம் தொடாத இடத்திலும் இந்தக் கேள்வி வேலை செய்யும். ஆள்காட்டிப் பறவை கூடு கட்டுவதில்லை. சரளைக் கற்களுக்கு நடுவே வெட்டவெளியில் முட்டையிடும், முட்டையும் கல்லும் ஒரே நிறம். பக்கத்தில் கால் வைத்தால் தாய் கத்திக்கொண்டு எழும்பிவிடும். கேமராக்காரர் போகும்வரை திரும்பாது. சித்திரை வெயிலில் அந்த முட்டைகள் திறந்தபடி கிடக்கும் நேரம், படத்தின் அழகில் எங்கும் பதிவாகாது. அதனால்தான் கூட்டையும் முட்டையையும் எடுத்த படங்களை இன்று பல காட்டுயிர்ப் போட்டிகள் ஏற்பதில்லை. கரிசல் போட்டிக்கும் வெளியிலிருந்து ஒரு விதியைக் கடன் வாங்கலாம் என்றால் இதைத்தான் வாங்குவேன்.