குள்ளச் சிக்லிட் மீன் வளர்ப்பு

சிக்லிட் குடும்பத்து மீன்களில், முழுதாக வளர்ந்த பின்னும் ஏறத்தாழ 10 சென்டிமீட்டரைத் தாண்டாதவற்றை மீன் வளர்ப்போர் குள்ளச் சிக்லிட் என்கிறார்கள். விலங்கியலில் இப்படியொரு பிரிவு கிடையாது. தென் அமெரிக்காவின் அபிஸ்டோகிரம்மா, மைக்ரோஜியோபேகஸ், நன்னக்காரா, டைக்ராசஸ்; மேற்கு, நடு ஆப்பிரிக்காவின் பெல்விகாக்ரோமிஸ், நானோக்ரோமிஸ்; டாங்கனீக்கா ஏரியில் காலி நத்தைக் கூடுகளுக்குள் குடியிருக்கும் சிறு மீன்கள் என ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவில்லாதவை இதில் அடங்கும். 60 சென்டிமீட்டர் நீளத் தொட்டியில் இவை குடும்பம் நடத்திக் குஞ்சும் வளர்க்கும் என்பதே இவற்றைச் சேர்த்து வைத்திருக்கும் ஒரே காரணம். ஆஸ்கர் போன்ற பெரிய சிக்லிட்டுகளை வளர்ப்பவர் செடிகளை மறந்துவிட வேண்டும். குள்ள இனங்கள் பெரும்பாலும் செடிகளை விட்டுவைக்கும். குஞ்சு காப்பதில் மட்டும் பெரிய இனங்களுக்கு எள்ளளவும் இளைத்தவை அல்ல.

இந்த வளர்ப்பின் வரலாறு ஒரு நூற்றாண்டைக் கடந்தது. தொடக்கத்தில் பெயர் முதலில் வந்தது, மீன் பின்னால் வந்தது. பிறகு இந்த வரிசை தலைகீழாயிற்று.

சாராய சீசாக்களின் காலம்

லூயி அகாசி தலைமையில் 1865-66இல் பிரேசிலுக்குச் சென்ற தேயர் ஆய்வுப் பயணம் அமேசான் ஆற்று மீன்களைக் கணக்கின்றிச் சேகரித்து ஹார்வர்டுக்குக் கொண்டுபோனது. அவற்றை ஆராய்ந்த வியன்னாவின் ஃபிரான்ஸ் ஸ்டைன்டாக்னர் 1875இல் ஒரு சிறு மீனுக்கு அகாசியின் பெயரையே சூட்டினார். இன்று அது அபிஸ்டோகிரம்மா அகாசிஸி. லண்டன் அருங்காட்சியகத்தில் இருந்த சார்லஸ் டேட் ரீகன் 1906இல் இத்தகைய சிறு மீன்களை ஹெட்டரோகிரம்மா என்ற பேரினமாகப் பிரித்தார். அந்தப் பெயர் ஏற்கெனவே ஓர் அந்துப்பூச்சிக்கு வைக்கப்பட்டிருந்ததால், 1913இல் அபிஸ்டோகிரம்மா என்று மாற்றினார்.

இவர்கள் யாரும் கண்டது உயிருள்ள மீனை அல்ல. சாராயத்தில் ஊறி நிறம் வெளுத்த உடல்களை வைத்து, துடுப்பு முட்களையும் செதில் வரிசைகளையும் எண்ணி எழுதினார்கள். முட்டையிட்ட பெண் மீன் எலுமிச்சை மஞ்சளாக மாறும் என்பது அந்த விவரணைகளில் இருக்க வழியே இல்லை.

ஹாம்பர்க் துறைமுகமும் பெயர்க் குழப்பமும்

முதல் உலகப் போருக்கு முன்பே ஜெர்மனியில் வெப்பமண்டல மீன் வளர்ப்பு வேரூன்றிவிட்டது. கப்பல்களில் வந்த மீன்கள் ஹாம்பர்க்கில் இறங்கின. அகாசிஸியும் இப்படி வந்து சேர்ந்த பழைய வரவுகளில் ஒன்று. 1930களில் வேறு சில இனங்களும் வந்தன. எது எந்த இனம் என்பதில்தான் தகராறு. பெர்லினில் எர்ன்ஸ்ட் ஆல் 1939இல் அபிஸ்டோகிரம்மா ரைட்ஸிகி என்று பெயரிட்ட மீன், ரீகன் 1906இலேயே பெயரிட்டிருந்த பொரெல்லியிதான் என்று பிற்பாடு தெரிந்தது. அதே சமயம் வளர்ப்பு நூல்கள் பொரெல்லியி என்று அழைத்துவந்ததோ வேறொரு மீன். ஹூடமான் 1951இல் அதற்குக் ககட்டுவாய்டிஸ் என்று பெயர் வைத்தார். முதுகுத் துடுப்பின் முன்முட்கள் ககட்டுவா கிளியின் கொண்டைபோல் எழுந்து நிற்கும் மீன் அது. ஆகவே அந்தக் காலத்து இனப்பெருக்கக் குறிப்புகளைப் படிப்பவர், பெயரை விட்டுவிட்டு விவரணையைப் பார்ப்பதே நல்லது.

ராம்

வணிகத்தில் வேறெந்தக் குள்ளச் சிக்லிட்டும் ராமுக்கு ஈடில்லை. வெனிசுவேலாவிலும் கொலம்பியாவிலும் ஒரினோகோ ஆற்றைச் சார்ந்த புல்வெளிச் சமவெளிகள் இதன் தாயகம். அலங்கார மீன் சேகரிப்பாளர் மானுவேல் விசென்டே ராமிரெஸ் பிடித்து அனுப்பிய மீன்கள் அமெரிக்கக் கடைகளில் விலைபோகத் தொடங்கின. ஸ்டான்ஃபோர்டின் ஜார்ஜ் மையர்ஸ், ஹாரி என்பவருடன் சேர்ந்து 1948இல் அதற்கு அபிஸ்டோகிரம்மா ராமிரெஸி என்று பெயரிட்டார். தொட்டிக்குள் வந்த மீனை விஞ்ஞானம் பின்தொடர்ந்த முறை இதிலிருந்து வழக்கமாயிற்று. மீன் அபிஸ்டோகிரம்மாவே அல்ல என்ற தெளிவு அதன்பின் ஏற்பட்டது. பேரினப் பெயர் பலமுறை மாறியது. 1977இல் ஸ்வென் குல்லாண்டர் பாபிலியோக்ரோமிஸ் என்றார். 1968இல் எழுதப்பட்டிருந்த மைக்ரோஜியோபேகஸ் என்ற பெயரே கடைசியில் நின்றது. கடைக்காரர்கள் இந்த வழக்கில் தலையிடவில்லை. அவர்களுக்கு அது அன்றும் இன்றும் ராம்தான்.

ராம் திறந்த வெளியில், தட்டையான கல்மேல் முட்டையிடும். ஆணும் பெண்ணும் முறை வைத்துக் காவல் காக்கும். 27 முதல் 30 டிகிரி வரையிலான வெதுவெதுப்பு வேண்டும். மற்ற வெப்பமண்டல மீன்களுக்குப் போதுமான 24 டிகிரியில் இது ஒடுங்கிக் கிடந்து நோயில் விழும். ஆசியப் பண்ணைகளில் பல தலைமுறைகளாகப் பெருகிய ராம்கள் முட்டையைத் தின்றுவிடுகின்றன என்பது வளர்ப்போரின் நெடுநாள் முறையீடு. பண்ணையில் முட்டையை எடுத்துத் தனியே பொரிக்க வைப்பதால், நல்ல பெற்றோர் எது, கெட்ட பெற்றோர் எது என்ற தேர்வே அங்கு நடப்பதில்லை. தங்க நிறம், பலூன் வயிறு, உடல் முழுதும் மின்னும் நீலம் என்று புது வடிவங்கள் வந்தபடி இருக்கின்றன. பலூன் ராம் முதுகெலும்பு குறுகிய ஊனம். அதை அழகு என்று விற்பதற்கு இந்தக் கட்டுரை துணைபோகாது.

தாயின் அரசு

1960களில் இந்த மீன்களின் நடத்தை ஆய்வுப் பொருளாயிற்று. சிக்லிட்டுகளைத் திறந்தவெளியில் முட்டையிடுபவை, மறைவில் முட்டையிடுபவை என்று பிரித்துக் காட்டிய வோல்ஃப்காங் விக்லர், மறைவில் முட்டையிடும் இனங்களில்தான் ஆணும் பெண்ணும் உருவத்திலும் நிறத்திலும் பெரிதும் வேறுபடுகின்றன என்று 1966இல் எழுதினார். திறந்தவெளியில் முட்டையிடும் ராமும், மறைவில் முட்டையிடும் அபிஸ்டோகிரம்மாவும் (சுருக்கமாக அபிஸ்டோ) இதற்கு எதிரெதிர்ச் சான்றுகள். ஜான் பர்ச்சர்ட் 1965இல் அபிஸ்டோகிரம்மா டிரைஃபாசியாட்டா இனத்தின் குடும்ப அமைப்பை விவரித்தார்: ஓர் ஆணின் பெரிய எல்லைக்குள் பல பெண்கள், ஒவ்வொருத்திக்கும் தனித்தனிச் சிற்றெல்லை. ஆண் வெளி எல்லையைக் காக்கும். குஞ்சு வளர்ப்பது பெண்ணின் பொறுப்பு.

தொட்டியில் இது நடப்பதைப் பார்க்கவே பலர் அபிஸ்டோ வளர்க்கிறார்கள். கவிழ்த்த சிறு பூந்தொட்டியோ பாதிக் கொட்டாங்குச்சியோ குகையாகும். வாசல் குறுகலாக, பெண் மட்டும் நுழையும் அளவில் இருந்தால் போதும். அதன் கூரையில் பெண் தலைகீழாக நின்று செந்நிற முட்டைகளை ஒட்டும். இரண்டு மூன்று நாளில் அவை பொரியும். இன்னும் ஐந்தாறு நாளில் குஞ்சுகள் நீந்தத் தொடங்கும். அப்போது தாய் மஞ்சளும் கறுப்புமாக மாறியிருப்பாள். வயிற்றுத் துடுப்பை வெட்டி வெட்டி அசைத்தால் குஞ்சுகள் அப்படியே தரையோடு படிந்து கிடக்கும். ஆபத்து நீங்கியதும் திரும்ப எழும். குஞ்சுகள் தாயைப் பின்தொடர்வதற்கு நிறமும் அசைவும் எப்படித் தூண்டுகோலாகின்றன என்பதைப் பீட்டர் குயென்ட்ஸர் பொம்மை மீன்களைக் கொண்டு சோதித்தார். அவர் ஆராய்ந்தவற்றில் நன்னக்காராவும் அபிஸ்டோக்களும் உண்டு.

குஞ்சு இல்லாத பெண், உணவாகப் போட்ட டாஃப்னியா கூட்டத்தைத் தன் பிள்ளைகளாக எண்ணிக் காவல் காப்பதைப் பல வளர்ப்போர் பதிவு செய்திருக்கிறார்கள். அடுத்த பெண்ணின் குஞ்சுகளை ஓட்டிக்கொண்டு வந்து தன் கூட்டத்தில் சேர்ப்பதும் நடக்கும். சிறிய தொட்டியில் ஆணின் நிலை பரிதாபம். உடலில் பாதியளவே இருக்கும் பெண், முட்டையிட்ட மறுநாளே கணவனை மூலைக்குத் துரத்துவாள். தப்பிச் செல்ல இடமில்லாவிட்டால் கொன்றும் விடுவாள். நன்னக்காரா அனோமலாவும் அபிஸ்டோகிரம்மா நைசெனியும் இதில் பேர்போனவை. செடியடர்த்தியும் கட்டைகளும் தொட்டிக்கு அலங்காரம் என்பதைவிட ஆணுக்கு உயிர்க்காப்பு என்பதே சரி.

குஞ்சுகளுக்கு முதல் உணவு அப்போதுதான் பொரித்த ஆர்ட்டீமியா. குஞ்சுகளை உறிஞ்சிவிடாத ஸ்பான்ஜ் ஃபில்டரே இத்தொட்டிகளுக்குப் பொருந்தும்.

நீரும் வெப்பமும்

ரியோ நீக்ரோ போன்ற கருநீர் ஆறுகளின் நீர் ஏறக்குறைய உப்பற்றது, பி.எச். 5க்கும் கீழே இறங்கும். அந்த இனங்களைக் கடின நீரில் வைத்தால் உயிரோடிருக்கும், முட்டையும் இடும். முட்டை மட்டும் பூஞ்சை பிடித்து வெள்ளையாகும். முற்கால வளர்ப்போர் மழைநீரையும் பீட் எனும் மட்கிய கரியையும் நம்பினார்கள். பின்னாளில் நீரின் உப்பை நீக்கும் ஆர்.ஓ. கருவி வீட்டுக்குள் வந்ததும், அதுவரை சிலருக்கே கைவந்த இனங்கள் பலர் வீட்டில் குஞ்சு பொரித்தன. ககட்டுவாய்டிஸ் உலகெங்கும் பரவியதன் ரகசியமும் நீர்தான். குழாய் நீரில்கூடப் பெருகும் அபிஸ்டோ அது.

அமேசான் ஓடைகளின் அடியில் இலைச் சருகு கணுக்கால் ஆழத்துக்குக் கிடக்கும். அபிஸ்டோக்களின் வீடு அதுவே. தொட்டியில் அதற்கு மாற்றாக உலகம் முழுதும் பயன்படுவது நம் தெருக்களில் நிழல் தரும் நாட்டு வாதுமையின் காய்ந்த இலை. தென்கிழக்காசியாவில் சண்டை மீன் வளர்ப்போர் நெடுங்காலமாகப் பயன்படுத்திய இலை அது. அமேசான் மீனுக்கும் ஒத்துப்போனது.

பிறக்கும் குஞ்சுகள் எல்லாம் ஆணாகவோ எல்லாம் பெண்ணாகவோ இருப்பது வளர்ப்போரைப் பல ஆண்டுகள் குழப்பியது. 1985இல் ரூபின் என்பவர் நீரின் அமிலத்தன்மை கூடினால் ஆண்கள் கூடுவதைச் சில சிக்லிட்டுகளில் காட்டினார். உவே ரோமரும் பைசன்ஹெர்ட்ஸும் 1996இல் 37 அபிஸ்டோகிரம்மா இனங்களை வைத்துச் செய்த ஆய்வு விடையை விரிவாக்கியது: 33 இனங்களில், வாழ்வின் முதல் சில வாரங்களில் நிலவும் வெப்பநிலை பாலை நிர்ணயிப்பதில் பங்கு கொள்கிறது. வெப்பம் ஏற ஏற ஆண்கள் அதிகம். பெல்விகாக்ரோமிஸ் பேரினத்தைச் சேர்ந்த ஆப்பிரிக்க கிரிபென்ஸிஸில் அமிலத்தன்மை பாலை மட்டுமன்றி, ஆண்கள் சிவப்பா மஞ்சளா என்பதையும் பாதிக்கிறது என்று 2013இல் வெளியான ஆய்வு சொல்கிறது. குஞ்சு சீக்கிரம் வளரட்டும் என்று ஹீட்டரைக் கூட்டி வைப்பவர், ஆண்கள் மட்டுமே நிறைந்த தொட்டியோடு நிற்கக்கூடும்.

புனைபெயர்களும் ஆற்றுப் பெயர்களும்

குல்லாண்டர் 1980இல் அபிஸ்டோகிரம்மாவை முழுமையாக வகைப்படுத்தி எழுதிய நூல் இத்துறைக்கு அடித்தளம். நைசெனி உட்படப் பல இனங்களுக்குப் பெயர் வைத்தவரும் அவரே. ஆனாலும் பெருவின் இகீடோஸ் வழியாக வந்த மீன்கள் வகைப்பாட்டைவிட வேகமாக வந்தன. கறுப்புத் திட்டுகளால் பாண்டா என்ற பெயர் பெற்ற நைசெனியை ஒத்த இன்னொரு மீன், பெரு நாட்டு மீன்பிடிக் குடும்பம் ஒன்றின் பெயரால் 1997இல் பாண்டுரோ ஆனது. இன்கா என்று விற்கப்பட்டது 2004இல் பேன்ஷி ஆனது. இன்று முறையாகப் பெயர் பெற்ற அபிஸ்டோகிரம்மா இனங்கள் 90ஐத் தாண்டும். புனைபெயரோடு மட்டும் தொட்டிகளில் நீந்துபவையும் ஏராளம்.

இதே காலத்தில் வளர்ப்போர் இரு திசைகளில் பிரிந்தனர். ஒரு சாரார் ககட்டுவாய்டிஸின் துடுப்புகளில் சிவப்பைத் தேர்ந்து தேர்ந்து கூட்டி, டபுள் ரெட், டிரிபிள் ரெட் என்று விற்றார்கள். காட்டு மீன் பெரும்பாலும் மங்கிய சாம்பல் நிறம்; அதைக் கண்டு ஏமாந்தவர்கள் உண்டு. மற்றவர்கள் மீனோடு அது பிடிபட்ட ஓடையின் பெயரையும் எழுதி வைத்தார்கள். ஒரே இனமாக இருந்தாலும் இரண்டு ஆற்று மீன்களைக் கலக்க மறுத்தார்கள். அது வெறும் சேகரிப்பாளர் பிடிவாதம் என்று எண்ண இடமிருந்தது. 2006இல் ஜொனாதன் ரெடியும் சக ஆய்வாளர்களும், கிழக்கு அமேசானின் அபிஸ்டோகிரம்மா கயெட்டெயி இனத்தில் வெவ்வேறு நிறமுள்ள கூட்டங்களைத் தொட்டியில் ஒன்றாக விட்டுப் பார்த்தார்கள். பெண்கள் தத்தம் கூட்டத்து ஆண்களையே தேர்ந்தன. ஒரே இனம் என்று எழுதப்பட்டவை இனப்பெருக்கத்தில் தனித்து நிற்பவை என்று ஆய்வு முடிந்தது. வளர்ப்போர் சங்கங்களின் ஏலங்களில் காட்டு மீனைக் கொண்டுவருபவர், பிளாஸ்டிக் பையின் மேல் இனத்தின் பெயருக்குக் கீழே ஆற்றின் பெயரையும் எழுத வேண்டும் என்று இன்று எதிர்பார்க்கப்படுகிறது.