விலையைக் கட்டுவது யார்? முன்னாள் படைவீரர் வேலை ஒதுக்கீட்டின் வடிவம் குறித்து

பொதுத்துறை வங்கியின் வாசலில் துப்பாக்கியோடு நிற்கும் காவலரை நம் ஊரில் ‘எக்ஸ் மிலிட்டரி’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். அவர் ராணுவத்தில் சிக்னல் பிரிவில் இருந்தாரா, டாங்கி என்ஜினைப் பிரித்துப் பூட்டினாரா, எல்லையில் முப்பது பேரைக் கட்டி மேய்த்தாரா என்பது நகைக்கடனுக்கு வரிசையில் நிற்கும் நமக்குத் தெரியாது. அவரை வேலைக்கு எடுத்த விதிக்கும் அது தேவைப்படவில்லை.

முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அதன் அளவைச் சுற்றியே வருகிறது: பத்து விழுக்காடு போதுமா, கூடுதலா, தகுதி அடிபடுகிறதா. அளவைவிட வடிவமே முக்கியம் என்பது என் வாதம். சலுகையை மதிப்பெண்ணாகத் தருவதா, இடமாகத் தருவதா, யாரை அதற்குரியவர் என்பது ஆகிய மூன்றும் சேர்ந்துதான் அதன் விலை யார் தலையில் விழும் என்பதைத் தீர்மானிக்கின்றன.

இந்த ஒதுக்கீட்டுக்கு ‘நாட்டின் நன்றிக்கடன்’ என்று பெயர் சூட்டுவது மேடைக்கு நன்றாக இருக்கும், ஆய்வுக்கு உதவாது. ராணுவம் இளமையாக இருக்க வேண்டும் என்பது அரசின் கொள்கை. அதனால் பதினெட்டில் சேர்ந்த சிப்பாய் முப்பத்தைந்திலோ நாற்பதை ஒட்டியோ வீடு திரும்புகிறார். அவரோடு படித்து மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தரானவருக்கு அறுபது வரை சம்பளம். பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளியில் இருக்கும்போது இவருக்குக் கிடைப்பது பென்ஷனும் டிஸ்சார்ஜ் புக்கும். எனவே மறுவேலை என்பது, இளமையை வாங்கிக்கொண்ட ஒப்பந்தத்தில் அரசு தர வேண்டிய பாக்கி. வேலூரை அடுத்த கம்மவான்பேட்டையை ‘ராணுவப்பேட்டை’ என்றே அழைக்கும் மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வடிவம் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் பாடநூல் போன்றது. அங்கே எழுத்துத் தேர்வில் தேறிய முன்னாள் படைவீரர் எவரும், எவ்வளவு குறைந்த மதிப்பெண் பெற்றிருந்தாலும், படையில் இல்லாத அனைவருக்கும் மேலே பட்டியலில் வைக்கப்பட்டார். சலுகை வாழ்நாள் முழுவதற்கும் உரியது. ஹெலன் ஃபீனி என்ற அரசு ஊழியர் 1971-இல் பல் மருத்துவத் தேர்வாளர் வாரியத்தின் உதவிச் செயலர் பதவிக்குத் தேர்வெழுதி இரண்டாவது உயர்ந்த மதிப்பெண் பெற்றார். பட்டியலில் அவருக்குக் கிடைத்தது ஆறாமிடம். முன்னால் ஐந்து ஆண் படைவீரர்கள். 1973-இல் மீண்டும் எழுதினார். இம்முறை அவருக்கு மேலே பன்னிரண்டு ஆண் படைவீரர்கள், அவர்களில் பதினொருவர் அவரைவிடக் குறைந்த மதிப்பெண் வாங்கியவர்கள்.

மாநிலத்து முன்னாள் படைவீரர்களில் 98 விழுக்காட்டுக்கு மேல் ஆண்கள். அது பெண்கள் விரும்பி விலகி நின்றதால் மட்டும் ஏற்பட்ட எண் அன்று; 1948 முதல் 1967 வரை அமெரிக்கப் படைகளில் பெண்களின் எண்ணிக்கைக்குச் சட்டமே இரண்டு விழுக்காடு என்று உச்சவரம்பு கட்டியிருந்தது. ஒரு கதவை அடைத்துவிட்டு, அந்தக் கதவு வழியே வந்தவர்க்கே அடுத்த அறையில் இடம் என்றது அரசு. கீழமை நீதிமன்றம் இருமுறை ஃபீனியின் பக்கம் நின்றது. உச்ச நீதிமன்றமோ 1979 ஜூனில் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் சட்டத்தைக் காப்பாற்றியது. பெண்களுக்குப் பாதகம் விளையும் என்று தெரிந்தே சட்டம் இயற்றப்பட்டிருக்கலாம். பாதகம் செய்வதற்காகவே இயற்றப்படவில்லை என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் தர்க்கம். நீதிபதிகள் மார்ஷலும் பிரென்னனும் மறுத்தனர். சட்டப்படி தீர்ப்பு நிற்கலாம். ஆனால் படைவீரருக்கு நாடே பட்ட கடனை ஃபீனி போன்ற பெண்களே பெரும்பாலும் கட்டினார்கள் என்ற உண்மை அதனால் மாறிவிடாது. கூட்டாட்சி அரசின் 1944-ஆம் ஆண்டுச் சட்டம் மதிப்பெண்ணோடு ஐந்து, ஊனமுற்றோருக்குப் பத்து என்று கூட்டித் தந்ததோடு பெரும்பாலும் நின்றது. அதே நோக்கம், ஆனால் வேறு வடிவம். ஆகவே பாதிப்பும் குறைவு.

இந்தியா தேர்ந்தது இட ஒதுக்கீட்டு வழி. 1979-ஆம் ஆண்டு மறுவேலை விதிகள் மத்திய அரசின் ‘சி’ பிரிவில் 10 விழுக்காடும் ‘டி’ பிரிவில் 20 விழுக்காடும் ஒதுக்கின. பொதுத்துறை நிறுவனங்களிலும் வங்கிகளிலும், ஊனமுற்ற படைவீரர்களுக்கும் உயிரிழந்தோரின் குடும்பத்தாருக்கும் உரிய 4.5 விழுக்காட்டைச் சேர்த்து, இது 14.5, 24.5 என்று ஆகிறது. தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் 5 விழுக்காடு. இது கிடைமட்ட ஒதுக்கீடு: தேர்வாகும் பட்டியல் சாதி வீரர் பட்டியல் சாதி இடத்திலும், பிற்படுத்தப்பட்டவர் பிற்படுத்தப்பட்டோர் இடத்திலும் பொருத்தப்படுகிறார். சமூக நீதிக் கணக்கு குலைவதில்லை. பிறர் இழப்புக்கும் ஓர் எல்லை உண்டு. மாசசூசெட்ஸோடு ஒப்பிட்டால் நம் வடிவம் நிச்சயமாக நேர்த்தியானது.

அப்படியானால் நம் முறையில் விலை கட்டுவது யார்? பெருமளவுக்கு அந்த வீரரேதான். தகுதியான முன்னாள் படைவீரர் கிடைக்காவிட்டால் அந்த இடம் மற்றவருக்குப் போகும். அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்லப்படுவதில்லை. ஆகவே காகிதத்துப் பத்து, களத்துப் பத்து ஆவதில்லை. பத்தாம் வகுப்போடு பதினைந்து ஆண்டுச் சேவை உள்ளவரைப் பட்டதாரிக்கு இணையாகக் கருதலாம் என்று விதி தாராளம் காட்டுகிறது. ஆனால் தொழில்நுட்ப அனுபவம் கட்டாயமில்லாத பணிகளுக்கு மட்டும். டாங்கி என்ஜின் தெரிந்தவர் வங்கி வாசலுக்கு வந்து சேரும் வழிகளில் இதுவும் ஒன்று.

வயது விதியில் மட்டும் பாராட்டத்தக்க ஒரு கழித்தல் இருக்கிறது. நடப்பு வயதிலிருந்து சேவைக் காலத்தைக் கழித்து, மிச்சம் உச்சவரம்பை மூன்று ஆண்டுக்கு மேல் தாண்டாதிருந்தால் போதும். பதினெட்டில் சேர்ந்து பதினேழு ஆண்டு உழைத்த நாயக் ஒருவரை எடுத்துக்கொள்வோம். நாற்பது வயதில் விண்ணப்பித்தாலும் கணக்கில் அவருக்கு இருபத்து மூன்றுதான். எழுதியவர் யாரோ, பரேட் மைதானத்தின் கஷ்டம் தெரிந்தவர். ஆனால் அதே நாயக் அவசரத்துக்கு முதலில் கிடைத்த கடைநிலை அரசு வேலையில் சேர்ந்துவிட்டால், அடுத்த தேர்வுக்கு அவர் முன்னாள் படைவீரராகக் கருதப்படமாட்டார். சேருமுன் விண்ணப்பித்திருந்த பணிகளுக்கு 2014-இல் விலக்கு தரப்பட்டது. ஆனாலும் வீட்டுச் செலவுக்காகக் காத்திருக்க முடியாதவரையே இந்த விதி அதிகம் வதைக்கிறது.

எல்லாவற்றிலும் கனமானது மூன்றாவது கேள்வி: முன்னாள் படைவீரர் யார்? பணி முடிந்து வெளிவருவோரைப் பொறுத்தவரை விதியின் வரையறை பென்ஷன் அல்லது பணிக்கொடை பெற்று வருவதையே அடையாளமாகக் கொள்கிறது. எல்லைப் பாதுகாப்புப் படையில் முப்பது ஆண்டு நின்றவரும் இதற்குள் வரமாட்டார். அவர் உள்துறை அமைச்சகத்தின் ஆள். 2022 ஜூன் 14-இல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டம் இந்த வரையறையின் அடியையே அசைத்திருக்கிறது. இதில் சேரும் அக்னிவீரர்களுக்குப் பணி நான்காண்டுதான்; அதன் முடிவில் நால்வரில் ஒருவர் வரை நிரந்தரமாவார். மற்றவர்களுக்கு ஏறத்தாழ 11.71 லட்ச ரூபாய் சேவா நிதி உண்டு. பென்ஷனும் பணிக்கொடையும் இல்லை. முன்னாள் படைவீரர் தகுதியும் இல்லை. மத்திய ஆயுதக் காவல் படைகளில் 10 விழுக்காடு என்று தனியே அறிவித்தார்கள். முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டின் கதவு திறக்கவில்லை.

வரையறையை அகலப்படுத்தினால் இருபத்தைந்து வயது இளைஞர்கள் திரண்டு வந்து, நாற்பது வயது ஹவில்தாரின் இடத்தைப் பிடித்துக்கொள்வார்கள் என்பார்கள். நியாயமான அச்சம்தான். தேர்வு மண்டபத்தில் கணக்குத் தாளோடு அமரும்போது இளமைக்கே வெற்றி. அதற்கு மருந்து வரையறையைக் குறுக்குவதில் இல்லை. சேவைக் காலத்துக்கேற்ப ஒதுக்கீட்டுக்குள் அடுக்குகள் அமைப்பதிலும், நிரம்பாத இடத்தை ஓராண்டாவது காத்து வைப்பதிலும், படைத் தொழில் சான்றுகளை ஐ.டி.ஐ., பட்டயப் படிப்புகளோடு பணிவாரியாக இணைப்பதிலும் இருக்கிறது. மூன்றுமே விதித் திருத்தத்தால் ஆகக்கூடியவை. புதிய சட்டம் வேண்டியதில்லை. ஆனால் திருத்தத்துக்கு நாள் அதிகமில்லை. 2022 நவம்பரில் ஒடிசாவின் ஐ.என்.எஸ். சில்காவில் பயிற்சிக்குச் சேர்ந்த முதல் கடற்படை அக்னிவீரர்களின் நான்காண்டு, 2026 நவம்பரில் நிறைவடைகிறது.