பிரதேச செயலகப் பதிவு உங்கள் வியாபாரப் பெயரைக் காக்குமா?

அபாயா, கைத்தறிச் சாறன், இனிப்புப் பண்டங்கள் என்று எம்மவர்கள் பலர் இன்று முகநூலிலும் சொந்த இணையத்தளங்களிலும் விற்பனை செய்கின்றனர். பெயர் சற்றுப் பிரபலமானதும் அதே பெயரில், அதே படங்களுடன் இன்னொரு பக்கம் முளைத்துவிடுகிறது. "பிரதேச செயலகத்தில் பதிந்துதானே வைத்திருக்கிறேன்" என்பார் பாதிக்கப்பட்டவர்.

அந்தப் பதிவு, அப்பெயரில் வியாபாரம் செய்பவர் யார் என்பதற்கான சான்று மட்டுமே. பெயர் மீது தனியுரிமையை அது தராது. கம்பனிப் பதிவும் இணைய முகவரியும் அவ்வாறே. தனியுரிமை வேண்டுமாயின், 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ், கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் வர்த்தகக் குறியாகப் பதிய வேண்டும். பொருட்களும் சேவைகளும் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஆடைக்கு 25ஆம் வகுப்பு, உணவகத்துக்கு 43ஆம் வகுப்பு. ஏற்கப்படும் குறி வர்த்தமானியில் வெளியிடப்படும். ஆட்சேபிக்க 3 மாதம் உண்டு. பதிவு 10 வருடங்களுக்குச் செல்லுபடியாகும், பின்னர் புதுப்பிக்கலாம்.

பெயரைத் தெரிவு செய்வதிலேயே பலர் சறுக்குகிறார்கள். 'மருதமுனைச் சாறன்' என்பது ஊரையும் பொருளையும் மட்டுமே சொல்கிறது. அங்கு தறி வைத்திருக்கும் எல்லோருக்கும் அச்சொற்கள் தேவை; அவற்றை ஒருவருக்கு மட்டும் எழுதிக்கொடுக்கச் சட்டம் இடமளிப்பது அரிது. பொருளை விவரிக்காத, தனித்துவமான பெயரே பதிவுக்கு உகந்தது.

இணையத்தளத்திலுள்ள எழுத்தும் படங்களும் வேறு கதை. சொந்தமாக ஆக்கியவுடனேயே பதிப்புரிமை கிடைத்துவிடும், பதிவு தேவையில்லை. ஆனால் வெறும் யோசனைக்கோ தகவலுக்கோ அது கிடையாது. உங்கள் விலைகளைப் பார்த்து அடுத்தவரும் அதே விலை போட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

பலர் கவனிக்காத விடயம் ஒன்றுண்டு. உங்கள் ஊழியர் கடமையின்போது எடுத்த படம் பொதுவாக உங்களுடையது. வெளியாளான புகைப்படக்காரருக்கோ தளத்தை வடிவமைத்தவருக்கோ காசு கொடுத்துவிட்டதால் மட்டும் உரிமை கைமாறாது. உரிமையை ஒப்படைப்பதாக எழுதி, அவரது கையொப்பம் பெற வேண்டும். தெரிந்த தம்பிதானே என்று இதை விட்டுவிடுகிறோம்.

யாராவது திருடியது தெரிந்தால், பின்னூட்டத்தில் சண்டைக்குப் போகாதீர்கள். அவர் பக்கத்தையே அழித்துவிடுவார். முதலில் திகதியும் இணைய முகவரியும் தெரியும்படி திரைப்பிடிப்பு எடுங்கள். மூலப் படக் கோப்புகளையும் பழைய பற்றுச்சீட்டுகளையும் தேடி வையுங்கள். பிறகு முகநூலின் பதிப்புரிமை முறைப்பாட்டுப் படிவத்தை நிரப்புங்கள். அதற்கும் மசியாவிட்டால் சட்டத்தரணி மூலம் கடிதம் அனுப்பலாம். பதியாத பெயருக்கும் நியாயமற்ற போட்டி என்ற அடிப்படையில் வழக்காட இடமுண்டு. ஆனால் அப்பெயர் உங்களுடையதாக மக்களிடம் அறியப்பட்டிருந்ததை நீங்களே நிரூபிக்க வேண்டும். அப்போதுதான் அந்தப் பழைய பற்றுச்சீட்டுகள் கைகொடுக்கும்.