திறந்த உலகமும் மூடிய பாலமும்

2006 கோடை விடுமுறைக்கு என் அக்கா மகன் திருச்செந்தூரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர். காலையில் போனால் மத்தியானச் சோற்றுக்கு ஆள் அனுப்பித்தான் கூப்பிட வேண்டும். ஒருநாள் நானே போனேன். திரையில் ஒருவன் சைக்கிளில் ஒரு பாலத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தான். 'ஏன்டா, நேராப் போக வேண்டியதுதானே?' என்றேன். 'அது தெறக்காது மாமா. பூகம்பமாம். கதையில கொஞ்சம் மிஷன் முடிச்சாத்தான் தெறப்பான்' என்றான்.

அந்த விளையாட்டு 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ: சான் ஆண்ட்ரியாஸ்'. 2004-இல் வந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ், சான் ஃபிரான்சிஸ்கோ, லாஸ் வேகாஸ் ஆகிய மூன்று நகரங்களை வேறு பெயர்களில் செய்து, நடுவே காடும் பாலைவனமும் வைத்திருந்தார்கள். 'திறந்த உலகம்' என்று இந்த வகைக்குப் பெயர். எங்கும் போகலாம், எதுவும் செய்யலாம் என்பதே இது தருகிற வாக்குறுதி. நான் பேச நினைப்பது இந்த வாக்குறுதியைப் பற்றியும், அது உடைகிற இடங்களைப் பற்றியும்தான். வெறும் விளையாட்டுக்கு இவ்வளவு பேச்சா என்று நண்பர்கள் கேட்கலாம். ஒரு தலைமுறை கதை கேட்கக் கற்றுக்கொண்டது இங்கேதான் என்பதால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

முதல் சிக்கல் காலம். கதாநாயகன் கார்ல் ஒரு கறுப்பின இளைஞன். பாதிக் கதையில் அவன் அண்ணன் சிறையில் கிடக்கிறான். அண்ணனை மீட்க வேண்டும் என்பதே அவனை ஓட்டுகிற விசை. ஆனால் நடுவில், பாலைவனத்தில் ஒரு கைவிடப்பட்ட விமானத் தளத்தைக் காசு கொடுத்து வாங்கி, விமானம் ஓட்டும் பரீட்சைகள் எல்லாவற்றிலும் தேறினால்தான் கதை மேலே நகரும். மருமகன் அந்தப் பரீட்சையில் எத்தனை நாள் குட்டிக்கரணம் அடித்தான் என்பதற்குக் கணக்கில்லை. அண்ணன் என்ன ஆனான்? ஒன்றும் ஆகவில்லை. ஒரு வாரம் ஆனாலும், ஒரு வருஷம் ஆனாலும் அவன் அப்படியே இருப்பான். 'சீக்கிரம் வா' என்று உலகம் கத்துகிறது. நாம் போகாவிட்டாலோ எதுவும் கெட்டுப்போவதில்லை. ஆக, அந்த அவசரம் பொய். அந்த உலகம் ஆட்டக்காரனுக்காகக் காத்துக் கிடக்கிற உலகம். தெருவில் நடக்கிற மனிதர்கள்கூட நாம் பார்க்கும்போது முளைக்கிறார்கள், முகத்தைத் திருப்பினால் இல்லாமல் போகிறார்கள்.

இதே ஊரில் இன்னொரு சிறைக் கதை இருக்கிறது. கச்சியப்ப சிவாச்சாரியாரின் கந்தபுராணத்தில் இந்திரன் மகன் சயந்தன் சூரனின் சிறையில் கிடக்கிறான். முருகன் படையோடு வந்து திருச்செந்தூரில் தங்குகிறான். உடனே கடலைத் தாண்டினானா? இல்லை. வியாழனை அழைத்து அசுரர்களின் வரலாற்றைச் சொல்லச் சொல்கிறான். ஆறு காண்டங்களில் இரண்டாவதான அசுர காண்டம் முழுக்க அந்தக் கதைதான். பிறகும் போர் இல்லை. வீரவாகு தூது போவது மகேந்திர காண்டம். அதற்கப்புறம்தான் யுத்த காண்டம். இன்றைய ஆட்டக்காரன் இதைப் படித்தால் 'மெயின் மிஷனை விட்டுட்டு என்னத்தையோ சொல்லிட்டிருக்கான்' என்பான்.

ஆனால் யாழ்ப்பாணத்தில் ஒருவர் பாட, இன்னொருவர் பயன் சொல்ல, இதை நாள் கணக்காகக் கேட்டவர்கள் சலித்துப் போகவில்லை. காரணம், அங்கே தாமதம் வேலை செய்கிறது. 1008 அண்டங்களை 108 யுகங்கள் ஆளும் வரம் சூரனுக்கு எப்படி வந்தது, அவன் தவத்தின் வலி என்ன என்று தெரிந்த பிறகே அவன் சாகிறான். சிறையும் மறக்கப்படுவதில்லை, போருக்கு முன்பே சயந்தனின் கனவில் முருகன் வருகிறான், தூது போன வீரவாகு அவனைத் தேற்றுகிறான். கந்தசஷ்டி ஆறாம் நாள் கடற்கரையில் யானைமுகம், சிங்கமுகம், சூரன் முகம், மாமரம் என்று ஒவ்வொன்றாக வரும்போது முடிவு தெரியாதவர் அந்த மணலில் ஒருவரும் இல்லை. தெரிந்தும் நிற்கிறார்கள்.

இதைப் 'பழமையின் மேன்மை' என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். புராணத்தில் நமக்கு எந்தச் சுதந்திரமும் இல்லை. யார் அசுரன், யார் தேவன் என்பது முன்பே எழுதப்பட்டுவிட்டது. சூரன் பக்கம் நின்று விளையாட அங்கே வழியில்லை. விளையாட்டு குறைந்தபட்சம் அந்த ஆசையையாவது காட்டியது. காட்டிவிட்டு ஏய்த்தது என்பதுதான் என் புகார்.

இரண்டாவது சிக்கல் பாலம். அது ஏன் மூடியிருக்கிறது என்பதற்கு விளையாட்டு சொல்லும் காரணம் பூகம்பம், அதாவது இயற்கை. உண்மையான காரணம் விதி. அதிகாரம் தன் விதியை இயற்கையின் தலையில் கட்டுவது நமக்குப் புதிதா? 1897-இல் கமுதியில் நாடார்கள் மீனாட்சி சுந்தரேஸ்வரர் கோயிலுக்குள் நுழைந்தார்கள். வழக்கு வந்தது. கீழ்க் கோர்ட், சென்னை ஐகோர்ட், கடைசியில் 1908-இல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை மூன்று இடத்திலும் அவர்களுக்கு எதிராகவே தீர்ப்பு. சொன்ன காரணம் 'வழக்கம்'. நெடுங்காலமாக இப்படித்தான், எனவே இப்படித்தான்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வியாபாரம் செய், சம்பாதி, பள்ளிக்கூடம் கட்டு, பிறகு பார்க்கலாம் என்ற பட்டியலில் பெரும்பகுதியை கமுதி, சிவகாசி, விருதுபட்டி நாடார்கள் அப்போதே முடித்திருந்தார்கள். மிஷன்கள் முடிந்தும் பாலம் திறக்கவில்லை. 1899-இல் சிவகாசி தாக்கப்பட்டது. 1939 ஜூலை 8 அன்று மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயரோடு தலித்துகளும் ஒரு நாடாரும் நுழைந்தார்கள். சட்டம் அதற்குப் பின்னால் வந்தது. வரிசையைக் கவனியுங்கள்: முதலில் நுழைவு, பிறகு சட்டம்.

சான் ஆண்ட்ரியாஸில் வரலாறும் இருக்கிறது. கதை நடப்பது 1992-இல். அந்த ஆண்டு ஏப்ரலில், ரோட்னி கிங்கை அடித்த போலீஸ்காரர்கள் விடுதலையானதும் லாஸ் ஏஞ்சல்ஸ் பற்றி எரிந்தது. விளையாட்டிலும் ஒரு போலீஸ்காரன் விடுதலையாகிறான், ஊர் எரிகிறது. ஆனால் எப்போது? ஆட்டக்காரன் முந்தைய வேலைகளை முடித்த பிறகு. ஒரு மக்களின் கோபம்கூட வேலைப் பட்டியலில் ஒரு வரியாகிவிட்டது. அவன் விமானப் பரீட்சையில் தோற்றுக்கொண்டிருக்கும் வரை அநீதியும் நிகழாது, எழுச்சியும் நிகழாது. எனக்கு இதுதான் பெரிய உறுத்தல். உலகத்தை அகலமாக்கியவர்கள், அந்த உலகம் தானாக நகர இடம் வைக்கவில்லை.

இதையெல்லாம் போன வருஷம் மருமகனிடம் சொன்னேன். இப்போது அவனுக்கே பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கிறது. சிரித்தான். 'மாமா, நாங்க யாரு மிஷன் செஞ்சோம்? முக்காவாசி நேரம் சும்மா கடக்கரையில பைக் ஓட்டிட்டுத்தான் கெடந்தோம்' என்றான். கொஞ்சம் கழித்து, 'அந்தப் பாலத்தத் தாண்டவே முடியாதுன்னும் இல்ல. நீந்திப் போயிரலாம். போனா நாலு ஸ்டார் விழும், போலீஸ் வெரட்டிட்டே வரும். ஆனா அந்தப் பக்கம் ஊரு முழுசா இருக்கும், மாமா. பாத்திருக்கேன்' என்றான்.

அக்கரை நகரம் முதலிலிருந்தே தகட்டில் இருந்திருக்கிறது. இல்லாதது அனுமதி மட்டும்தான். நாலு ஸ்டாரோடு கமுதியில் நுழைந்தவர்களை நினைத்துக்கொண்டேன்.